விடைத்தாளில் வழி தெரிய வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறப்பதும் குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் அநேகமாக அடுத்தடுத்து வரும். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நனைந்த குடைகளை வகுப்பின் பின்புறம் விரித்து வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். “அருவியில தண்ணி விழுதா?” என்ற பேச்சு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். நான் அதை அடக்குவதில்லை. பத்தாம் வகுப்புக்கு வந்தவர்களுக்கு நான் வைக்கும் முதல் இயற்பியல் தேர்வே அந்தப் பேச்சிலிருந்துதான் பிறக்கும். ஒரே கேள்வி, நான்கு மதிப்பெண்:

“குற்றாலம் பேரருவியின் உயரம் 60 மீட்டர் எனக் கொள்க. 5 கிலோகிராம் நீர் உச்சியில் ஓய்வு நிலையிலிருந்து தொடங்கித் தடையின்றிக் கீழே விழுந்தால், தரையைத் தொடும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன? புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 மீட்டர்/விநாடி² எனக் கொள்க.”

ஒன்பதாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாடு ஒன்றே இதற்குப் போதும். இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × உயரம். தொடக்கம் சுழி. ஆகவே 2 × 9.8 × 60 = 1176. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34.3. விடை, விநாடிக்கு 34.3 மீட்டர். கேள்வியைத் தயாரித்த அன்றே விடைக்குறிப்பையும் எழுதி வைத்துவிடுவேன்: சூத்திரத்துக்கு 1, எண்களைப் பிரதியிட்டதற்கு 1, விடைக்கு 1½, அலகுக்கு ½.

தாள்கள் வந்ததும் நான்கைத் தனியே எடுத்து வைப்பேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த நான்கு வகையும் தவறாமல் வருகின்றன.

முதல் தாளில் “34.3” என்று மட்டும் இருக்கும். வேறு ஒன்றும் இராது. பையன் கணக்கில் கெட்டிக்காரன், மனத்திலேயே போட்டுவிட்டான். விடைக்குறிப்பின்படி அவனுக்கு 1½. தாளைக் கையில் வாங்கியதும் எழுந்து நிற்பான்.

“விடை சரிதான சார், ஏன் மார்க்கக் கொறச்சீங்க?”

“விடை சரிதான்ல. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்லா?”

இந்தப் பதிலை அவன் உடனே ஏற்றுக்கொள்ள மாட்டான். ஏற்கும்வரை பொறுமையாக விளக்க வேண்டும். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிய 34.3-க்கும், தானே போட்ட 34.3-க்கும் தாளில் வேறுபாடு கிடையாது. வழியை எழுதினால்தான் அது அவனுடைய விடை ஆகிறது.

இரண்டாவது தாளில் சூத்திரமும் பிரதியிடலும் சரியாக இருக்கும். பெருக்கும்போது 1176-க்குப் பதிலாக 1076 என்று எழுதியிருப்பாள். வர்க்கமூலம் 32.8, அலகும் உண்டு. இறுதி விடை தவறு. ஆனால் தவறிய எண்ணுக்கு எடுத்த வர்க்கமூலம் சரி. அவளுக்கு நான் 3 கொடுப்பேன்: சூத்திரம் 1, பிரதியிடல் 1, விடைப் பகுதியில் ½, அலகு ½. ஒரே பிழைக்கு ஒரே முறைதான் தண்டனை. முதல் தாளில் சரியான விடை, 1½. இரண்டாவதில் தவறான விடை, 3. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஸ்டெப் மார்க் என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது தாள் 34.3 வரை ஒழுங்காக வந்து, பிறகு அதை 5-ஆல் பெருக்கி 171.5 என்று முடிந்திருக்கும். கேட்டால், “கேள்வியில 5 கிலோன்னு இருக்கே சார், அத எங்கயாவது போடணும்லா” என்பான். கேள்வியில் கொடுத்த எண்ணையெல்லாம் செலவழித்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. தடையின்றி விழும்போது 5 கிலோவும் 50 கிலோவும் ஒரே திசைவேகத்தில்தான் தரையைத் தொடும். நிறை இங்கே தேவையில்லாத தகவல், அதை வேண்டுமென்றேதான் வைத்தேன். அவன் கண்டுபிடித்தது உண்மையில் உந்தம். கேட்காத ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறான். 2½.

நான்காவது தாளில் சூத்திரமே வேறு. 5 × 9.8 × 60 = 2940 ஜூல் நிலை ஆற்றல்; அது முழுவதும் இயக்க ஆற்றலாகிறது; அரை × 5 × திசைவேகத்தின் வர்க்கம் = 2940; வர்க்கம் 1176; விடை விநாடிக்கு 34.3 மீட்டர். இந்தப் பெண் 5 கிலோவைப் பயன்படுத்தினாள், அது இருபுறமும் அடிபட்டுப் போயிற்று. என் விடைக்குறிப்பில் இல்லாத வழி. நான்கு மதிப்பெண்ணும் அவளுக்கு உண்டு.

இதை இன்று இவ்வளவு எளிதாக எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையாண்டுத் தேர்வில் இதே போன்ற ஆற்றல் வழி விடைக்கு நான் குறுக்குக் கோடு போட்டுப் பூஜ்யம் எழுதினேன். விடைக்குறிப்பில் இருந்த சூத்திரம் தாளில் இல்லை என்பது மட்டுமே காரணம். இரவு வெகுநேரமாகியிருந்தது, கட்டில் இன்னும் நிறையத் தாள்கள் இருந்தன. அந்தப் பையன் என்னிடம் வந்து கேட்கவில்லை. அடுத்த தேர்விலிருந்து கைடில் உள்ள சூத்திரத்தை மட்டும் எழுதத் தொடங்கினான். தானாக யோசிப்பதை நிறுத்திவிட்டான் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் உறைத்தது. விடைத்தாள் எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். மாணவர் இதைப் படிக்கும்போது திருத்துபவரின் இடத்திலிருந்தும், ஆசிரியர் படிக்கும்போது எழுதுபவரின் இடத்திலிருந்தும் படிக்க வேண்டுகிறேன்.

கணக்கைத் திருப்பிக் கொடுத்தபின் ஒரு கேள்வி கேட்பேன். விநாடிக்கு 34.3 மீட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 123 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இறங்கும் தண்ணீரில் தலையைக் கொடுத்து நிற்க முடியுமா? முடியாது. பிறகு எப்படிச் சீசனில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள்? குற்றாலத்துப் பிள்ளைகளுக்கு விடை தெரியும், ஆனால் அது இயற்பியல் என்று தெரியாது. பேரருவி உச்சியிலிருந்து ஒரே பாய்ச்சலாகத் தரைக்கு வருவதில்லை. நடுவே பாறையில் உள்ள பொங்குமாங்கடல் என்ற பெரும் குழியில் விழுந்து, நிரம்பி, பொங்கி வழிந்து, பாறையின்மீது பரவி இறங்குகிறது. முதற்பாதியில் சேர்த்த வேகம் அந்தக் குழியிலேயே தீர்ந்துவிடுகிறது. காற்றுத்தடை வேறு நீரைத் திவலைகளாக உடைக்கிறது. கேள்வியில் “தடையின்றி” என்று ஒரு சொல் இருந்ததே, அதன் பொருள் இவ்வளவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிடு என்பதுதான். ஒரு மாணவி விடையின் கீழே, “உண்மையில் இவ்வளவு வேகம் இருக்காது, இடையில் பொங்குமாங்கடல் உள்ளது” என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அதற்கு மதிப்பெண் கொடுக்க விடைக்குறிப்பில் இடமில்லை. ஓரத்தில் “மிக நன்று” என்று எழுதினேன். அந்த வரியை எழுதத் தெரிந்தவருக்குத்தான் இயற்பியல் வந்திருக்கிறது.

வினைச்சொல்லில் இருக்கிறது மதிப்பெண்

தமிழ்நாடு பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு எழுத வேண்டும், 22-ஆம் வினா கட்டாயம். நான்கு மதிப்பெண் வினா பத்தில் ஏழு, 32-ஆம் வினா கட்டாயம். ஏழு மதிப்பெண் வினா மூன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் இதற்குள் கலந்தே வரும். கட்டாய வினாக்களில் கணக்கு வர வாய்ப்பு அதிகம். எனவே வினாத்தாளைப் படிக்கக் கிடைக்கும் முதல் பத்து நிமிடத்தில் 22-ஐயும் 32-ஐயும் தேடிப் படித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் தேர்ந்துகொள்ளலாம்.

வினாவில் பிள்ளைகள் பாடப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். “ஓம் விதி” என்று கண்ணில் பட்டதும் ஓம் விதியைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கடைசியில் நிற்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கூறுக’ என்றால் விதியை மட்டும் சொன்னால் போதும். ‘வரையறு’ என்றால் ஒன்றிரண்டு வாக்கியம், நிபந்தனை விடுபடக் கூடாது. ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இடப்புறம் எழுதிய அதே கூறை வலப்புறமும் எழுத வேண்டும். இடத்தில் அலகையும் வலத்தில் பயனையும் எழுதினால் அது வேறுபாடு ஆகாது. ‘நிறுவுக’, ‘தருவி’ என்று வந்தால் ஒரு படியைத் தாண்டினாலும் திருத்துபவர் நின்றுவிடுவார்.

நிபந்தனை என்றேனே, அதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அரை மதிப்பெண்ணைப் பறிகொடுக்கிறார்கள். மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்தகவில் இருக்கும் என்று எழுதுவார்கள். வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் அப்படி என்பதை விட்டுவிடுவார்கள். பாயில் விதியிலும் இதே கதை. நிபந்தனை இல்லாத விதி பாதி விதிதான்.

‘காரணம் கூறுக’ என்ற வகைக்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறீர்கள். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார், முன்னால் சாய்கிறீர்கள். ஏன்? பத்தில் எட்டுத் தாளில் “நிலைமத்தால்” என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அது விடையின் பெயர்தான், விடை அல்ல. பேருந்தோடு சேர்ந்து உடலும் இயங்கிக்கொண்டிருந்தது; பிரேக் போட்டதும் பேருந்தின் தரையைத் தொட்டிருந்த கால்கள் நின்றன; உடலின் மேற்பகுதி தன் இயக்கத்தைத் தொடர முயன்றது; அதனால் முன்னால் சாய்ந்தது. இப்படி நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டு, இந்தப் பண்புக்கு இயக்க நிலைமம் என்று பெயர் என்று முடித்தால் இரண்டு மதிப்பெண்ணும் முழுதாக வரும். தத்துவத்தின் பெயர், அந்த இடத்தில் நடந்தது, இரண்டையும் இணைக்கும் வாக்கியம் என மூன்றும் இருக்கிறதா என்று எழுதி முடித்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தமிழும் பாடத் தமிழும்

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் ஒரு இடைஞ்சலும் உண்டு. கலைச்சொற்கள் தாய்மொழியில் இருப்பதால் பொருள் சட்டென்று விளங்கும். ஆனால் அதே சொல் வீட்டிலும் கடையிலும் வேறு பொருளில் புழங்கும். ரேஷன் கடையில் “எடை 5 கிலோ” என்கிறோம். இயற்பியலில் 5 கிலோகிராம் என்பது நிறை. எடை என்பது புவி அதை இழுக்கும் விசை, அது 5 × 9.8 = 49 நியூட்டன். “எடை = 5 கிலோகிராம்” என்று தேர்வில் எழுதினால் தவறு. கடையில் சரியாகப் பேசிய பிள்ளைக்கு இது அநியாயமாகத் தோன்றும். வகுப்பில் இதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

குற்றாலத்தில் “தண்ணி நல்ல வேகம்” என்போம். பாடத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. திசையும் சேர்ந்தால்தான் திசைவேகம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றால் வீட்டில் அது பெரிய வேலை. இயற்பியலில் குடம் நகரவில்லை, ஆகவே குடத்தின்மீது செய்த வேலை சுழி. “கரண்ட் வோல்டேஜ் கம்மியா வருது” என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, “கம்பியில் மின்னழுத்தம் பாய்கிறது” என்று எழுதும். பாய்வது மின்னோட்டம். மின்னழுத்த வேறுபாடு இரு முனைகளுக்கு இடையே இருக்கும், அது பாயாது. மின்சுற்றுப் படத்திலும் இதுதான் பிழையாக வெளிப்படும். வோல்ட்மீட்டரைத் தொடரிணைப்பில் வரைந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு மனத்தில் இறங்கவில்லை என்று பொருள்.

‘திறன்’ என்ற சொல் இன்னும் சிக்கல். மின்திறனுக்கும் லென்சின் திறனுக்கும் பாடநூலில் ஒரே சொல்தான். அதனால் லென்சின் திறனுக்கு ‘வாட்’ என்று அலகு எழுதிய தாள்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லென்சுக்கு டையாப்டர். கூடவே இன்னொரு கண்ணி: குவியத் தொலைவை மீட்டரில்தான் போட வேண்டும். குழிலென்சின் குவியத் தொலைவு 20 சென்டிமீட்டர் என்று கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே −0.2 மீட்டர் என்று மாற்றி எழுதிவிடுங்கள். 1 ÷ (−0.2) = −5 டையாப்டர். மாற்றாமல் போட்டால் 0.05 வரும். குறியை விட்டால் குழிலென்ஸ் குவிலென்ஸ் ஆகிவிடும், கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி மாட்டியது போல.

விடையைப் பார்த்து நம்பிக்கை வருகிறதா?

எழுதி முடித்த விடையை இரண்டு விநாடி உற்றுப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தேர்வறையிலேயே பிடிபடும். மறுபடியும் அருவிக்கே வருகிறேன். 60 மீட்டர் விழும் நீரின் நிலை ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி அந்த நீரிலேயே தங்கினால் அதன் வெப்பநிலை எவ்வளவு உயரும்? ஒரு கிலோகிராமுக்கு 9.8 × 60 = 588 ஜூல். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4200 ஜூல். 588 ÷ 4200 = 0.14 டிகிரி செல்சியஸ். கையால் உணர முடியாத அளவு. இந்தக் கணக்கில் 4200 ஜூலை 4.2 கிலோஜூல் என்று நினைவில் வைத்திருந்த ஒரு பையன், கிலோவை மறந்து 588-ஐ 4.2-ஆல் வகுத்தான். விடை 140 டிகிரி. அலகும் சரியாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான். 140 டிகிரி என்றால் குற்றாலத்தில் விழுவது தண்ணீரே அல்ல, கொதித்து ஆவியாகிப் போயிருக்கும். சாரலில் பல் கிட்டிப்போய் நின்ற அதே பிள்ளைதான் அதை எழுதினான். தேர்வறைக்குள் நுழையும்போது அனுபவத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இந்தக் கணக்கு விளையாட்டுக்குச் சொன்னதல்ல. 1845-இல் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், 160 அடி விழும் நயாகரா நீரின் வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரியின் ஐந்தில் ஒரு பங்கு உயர வேண்டும் என்று கணித்து எழுதினார். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

பக்க இணைப்பு மின்தடையில் இதே சோதனை இன்னும் எளிது. 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில். 1/6 + 1/3 = 1/2. இங்கேயே நிறுத்தி “½ ஓம்” என்று எழுதிவிடுவது ஆண்டுதோறும் நான் காணும் பிழை. வந்தது தொகுபயன் மின்தடையின் தலைகீழி, அதைத் திருப்பினால்தான் 2 ஓம். பக்க இணைப்பின் விடை இருப்பதிலேயே சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி, ½, 2 இரண்டையும் அனுமதித்துவிடும், எனவே அதை மட்டும் நம்பாதீர்கள். சூத்திரத்தின் இடப்பக்கம் என்ன நிற்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் எழுதி வாருங்கள். இடப்பக்கத்தை விட்டுவிட்டு வெறும் எண்களாக இறங்குபவர்கள்தான் இதில் விழுகிறார்கள்.

எதிரொலிக் கணக்கில் பாதியாக்க மறப்பது அடுத்தது. மலையை நோக்கிக் கூவி, 3 விநாடியில் எதிரொலி வந்தால், விநாடிக்கு 344 மீட்டர் என்று கொண்டு 1032 மீட்டர் என்று எழுதுவார்கள். கூவல் போய்த் திரும்பியிருக்கிறது. மலை இருப்பது 516 மீட்டரில். ஒரு சிறு படம், நீங்கள், மலை, போகும் அம்பு, வரும் அம்பு. அதை வரைந்தவர் மறந்து நான் பார்த்ததில்லை.

அலகு இல்லாத அளவுகளும் உண்டு. ஒளிவிலகல் எண்ணுக்கு அலகு கிடையாது. பயத்தில் எதையாவது சேர்த்து எழுதினால் சரியான விடை தவறாகிவிடும்.

திருத்தும் மேசையில்

பொதுத்தேர்வுத் தாள்களை மையத்தில் உட்கார்ந்து திருத்தும்போது உதவித் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர், முதன்மைத் தேர்வாளர் என்று ஒருவருக்கு மேல் ஒருவர் பார்ப்பார்கள். கூட்டல் தவறினாலும் ஒரு பக்கம் விடுபட்டாலும் பிடித்துவிட வழி இருக்கிறது. பள்ளித் தேர்வில் அது இல்லை. நீங்கள் ஒருவர்தான். ஆகவே இங்கே கூடுதல் கவனம் தேவை.

முதல் தாளை எடுக்கும் முன்பு கேள்விகளுக்கு நீங்களே விடை எழுதிப் பாருங்கள், மாற்று வழிகளையும் சேர்த்து. பிறகு முதல் ஐந்து தாள்களைப் பென்சிலால் திருத்துங்கள். உங்கள் விடைக்குறிப்பு எங்கே குறைபாடுடையது என்று அந்த ஐந்தில் தெரிந்துவிடும். ஆற்றல் வழிக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது, அரைகுறைப் படத்துக்கு எவ்வளவு என்றெல்லாம் அப்போது முடிவு செய்து விடைக்குறிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருபதாவது தாளில் மனம் மாறக் கூடாது.

ஒரு தாளை முழுவதுமாகத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, ஒரே கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்கு வருவது நல்லது. ஆரம்பத்தில் புரட்டல் அதிகம் போலத் தோன்றும். ஆனால் 32-ஆம் கேள்விக்கு எல்லாரையும் ஒரே கோலால் அளந்திருப்பீர்கள். முன்பக்கத்தில் நன்றாக எழுதியவருக்குப் பின்பக்கத்திலும் தாராளமாகக் கை போவதும், அடித்தல் திருத்தல் நிறைந்த தாளில் கை தானாகச் சுருங்குவதும் இதில் குறையும். பெயரைப் பார்க்காமல் தாளை மடித்து வைத்துத் திருத்துவது அதைவிட நல்லது.

எழுத்துப்பிழைக்கு இயற்பியலில் மதிப்பெண் குறைக்காதீர்கள். ‘கணத்தாக்கு’ என்பதைக் ‘கனத்தாக்கு’ என்று எழுதிய பிள்ளைக்கு விசையையும் நேரத்தையும் பெருக்கத் தெரிந்திருந்தால் மதிப்பெண் முழுமையாக உண்டு. சொல்லை வட்டமிட்டுத் திருத்தி எழுதுங்கள், அது போதும். புத்தக வாக்கியம் அச்சாக வரவில்லை என்று குறைப்பதை நான் ஏற்பதில்லை. சொந்த வாக்கியத்தில் விதியைச் சரியாகச் சொல்பவர், மனப்பாடமாக ஒப்பிப்பவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார். அவரைக் கீழே இறக்கினால் வகுப்பு முழுவதும் கைடின் பின்னால் போய்விடும்.

எங்கே கறாராக இருக்க வேண்டும் என்றால், கதிர்ப்படத்தில். அம்புக்குறி இல்லாத கோடு ஒளிக்கதிர் அல்ல. எந்தப் பக்கமிருந்து ஒளி வருகிறது என்று தெரியாத படத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தால் ஒளியியலையே விட்டுக்கொடுத்தது போல ஆகும். நிபந்தனையிலும் அலகிலும் அப்படியே.

மாணவர்களே திருத்திப் பார்க்கும் ஒரு வகுப்பை மாதம் ஒருமுறை வையுங்கள். பெயர் நீக்கிய மூன்று விடைகளைக் கரும்பலகையில் எழுதி, விடைக்குறிப்பைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையாகத் திருத்துவார்கள். “யூனிட் எங்க?” என்று அவர்களே கேட்பார்கள். பிறகு ஒருவர் மறுத்துப் பேசுவார், வாக்குவாதம் நடக்கும். நடக்கட்டும். எந்த வரிக்கு எதற்காக மதிப்பெண் என்று ஒருமுறை வாதாடியவர் தன் தாளில் அந்த வரியை விடமாட்டார். என் வகுப்பில் “34.3” என்று மட்டும் எழுதியவன், இப்படி இரண்டு வகுப்புக்குப் பிறகு வழியையும் எழுதத் தொடங்கினான்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணோடு ஒரு வரியும் எழுதிக் கொடுங்கள். “பெருக்கலைச் சரிபார்”, “மீட்டராக மாற்று”, “கேட்டது உந்தம் அல்ல”. மூன்று சொல் போதும். நேரமில்லை என்பது உண்மைதான். எல்லாத் தாளிலும் முடியாவிட்டால் பாதி மதிப்பெண்ணுக்குக் கீழே போனவர்களின் தாளிலாவது எழுதுங்கள்.

இளம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டல் முடிந்து, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, தாள்கட்டைக் கட்டுவதற்கு முன், பூஜ்யம் போட்ட விடைகளை மட்டும் மறுநாள் காலையில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.